பெல் அடித்தால் நின்றுவிடும் ஃபேன்

என் கணவர் இறந்த பிறகு வீட்டில் முதலில் பழுதானது கூடத்து ஃபேன். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. ஒட்டடைக் குச்சியால் றெக்கையை ஒரு தள்ளு தள்ளினால் மெல்லக் கிளம்பி, காற்று வருகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி சுற்றும். கடலூர் வெயிலுக்கு அது எந்த மூலைக்கு? செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிற எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சார் எப்போது வீட்டில் இருப்பார், அந்த நேரம் பார்த்து வருகிறேன் என்றார். தனியாக ஒரு பெண் இருக்கிற வீட்டுக்குள் போய் நிற்க வேண்டாமே என்று மரியாதைக்காகத்தான் கேட்டிருப்பார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கூப்பிடவே இல்லை.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக லைன் கொடுத்த காலம் அது. பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. புகார் வாங்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாக விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் செம்மங்குப்பத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் பியூஸ் போனால்கூட ஆள் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் ஒரு டெஸ்டர்கூடக் கிடையாது. இனி வீட்டில் நான் மட்டும்தான் என்று ஓய்வு பெற்றபோது நினைக்கவில்லை. இரண்டு பேரும் நிறைய ஊர் போகலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஃபேன் அப்படியே கிடந்தது. ஒரு நாள் போனில் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். ஃபேன் உறுமிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், அதை மாற்றினால் போதும் என்று ஒருவர் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அவர் கை போகிற இடம் தெரிந்தது. மெயினை அணைத்துவிட்டு, டைனிங் டேபிளை நகர்த்திப் போட்டு ஏறினேன். மேலே இருக்கிற கிண்ணத்தை இறக்கினால், உள்ளே கட்டைவிரல் அளவில் வெள்ளை டப்பா ஒன்று இரண்டு வயரோடு இருந்தது. எந்த வயர் எங்கே போகிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆள் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஒரு டெஸ்டரும் திருப்புளியும் இன்சுலேஷன் டேப்பும் சேர்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டி, மெயினைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றியது. முன்பு எப்படிச் சுற்றியதோ அதைவிட வேகமாக. காலண்டர் தாள்கள் படபடத்தன. நான் டேபிளைக்கூட நகர்த்தாமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு அழுதேன். அவர் போனதற்கு அழுத அழுகை இல்லை அது. இதைப் போய் யாரிடம் சொல்வது என்று தோன்றியது, அதற்காக.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் கடல் காற்று. எதை வாங்கி வைத்தாலும் உப்பு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். மிக்ஸியின் அடியைக் கழற்றினால் திருகெல்லாம் துருப்பிடித்திருக்கும். மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றினேன். இஸ்திரிப் பெட்டிக்கு வயர் மாற்றினேன். சாயங்கால நேரத்தில் கூடத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, எதையாவது அதன் மேல் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். டிவியை ஓட விட்டிருப்பேன், பார்க்க மாட்டேன். பழுதானதைச் சரி செய்வதோடு நிற்காமல், நன்றாக இருப்பதையும் என் வசதிக்கு மாற்ற ஆரம்பித்தேன். டேபிள் ஃபேனின் பட்டன் கீழே இருப்பதால் குனிய வேண்டியிருக்கிறது என்று வயரை நீட்டி, கட்டில் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டேன். இரவு எழுந்தால் விழுந்துவிடக்கூடாது என்று பாத்ரூம் வழியில் காலடி உயரத்தில் சின்ன விளக்குகள் போட்டேன். தனியாக இருக்கிறவள் முதலில் பயப்படுவது விழுவதற்குத்தான்.

கடைக்காரருக்கும் என் முகம் பழகிவிட்டது. என்னைப் பார்த்ததும், "என்னா மேடம், இன்னிக்கு என்னாத்தப் பிரிச்சிங்க?" என்பார். பல நாட்களில் என்னிடம் நேரில் யாரேனும் கேட்ட கேள்வி அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஒன்றும் தேவையில்லாத நாட்களிலும் டேப் வாங்குகிற சாக்கில் போயிருக்கிறேன்.

ஷாக் அடித்தது கிரைண்டரில். பெல்ட் நழுவுகிறது என்று அதைச் சாய்த்துப் போட்டு அடியைக் கழற்றியிருந்தேன். சுவிட்சை அணைத்திருந்தேன். பிளக்கைப் பிடுங்கவில்லை. அணைத்தாகிவிட்டதே என்ற தைரியம். வீடு கட்டினபோது வயரிங் செய்தவர் அந்த ஒரு பிளக்கில் மட்டும் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே கரன்ட் இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. காலையில் மாவு அரைத்துக் கழுவிய ஈரம் தரையில் காயவில்லை. கை பட்டதுதான் தெரியும். தோள் வரைக்கும் யாரோ பிடித்து உதறியது போல இருந்தது. பின்னால் போய்ச் சுவரில் மோதி உட்கார்ந்திருந்தேன். செருப்பு ஒன்று எங்கேயோ கிடந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நுனியில் சின்னதாக வெந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி ஒரு கணக்குப் போட்டேன். நான் இப்படியே போயிருந்தால் யாருக்கு எப்போது தெரிந்திருக்கும்? பால்காரர் பாக்கெட்டைக் கதவுப் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகம் பார்ப்போம். பை நிரம்பி, பால் கெட்டு, வாடை வந்த பிறகுதான் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தது.

யாருக்காவது போன் செய்ய வேண்டும் போல இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வேலை பார்த்த காலத்தில் எத்தனை பேருக்கு லைன் கொடுத்திருப்பேன். இப்போது எனக்கு ஷாக் அடித்தது என்று சொல்லக்கூடிய ஒரு நம்பர் கிடைக்கவில்லை. கடைசியில் நின்றது சிதம்பரத்தில் இருக்கும் என் நாத்தனார் நம்பரில்.

கணவருக்கு மூத்தவர் அவர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அப்பா அம்மாவைக் கடைசி வரை வைத்துப் பார்த்தது, தம்பியைப் படிக்க வைத்தது எல்லாம் அவர்தான். மேல வீதியை ஒட்டிய சந்தில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. நெருக்கமும் இருந்ததில்லை. அவர் தம்பியைப் பார்க்க வருவார், நான் சமைத்துப் போடுவேன், அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். கணவர் போன பிறகு மாதத்துக்கு ஒரு முறை நான் போன் செய்வேன். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, சரி வை என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வராது.

அன்று அவர் போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யோசித்துப் பார்த்தால் அதற்கு முந்தைய மாதமும் எடுக்கவில்லை. நான் ஏதோ தவறாக நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். தம்பியே போய்விட்டான், இவளிடம் என்ன பேச்சு என்று இருக்கிறாராக்கும் என்று. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு அவர் வீட்டுக்கும் பொருந்துமே. சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு நிறுத்தமும் நத்தையாக நகர்ந்தது. சந்துக்குள் போய் பெல்லை அழுத்தினேன். உள்ளே பெல் அடிப்பது எனக்கே நன்றாகக் கேட்டது. கூடவே டிவி ஓடுகிற சத்தமும். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். கதவைத் தட்டினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. அண்ணி, அண்ணி என்று சந்தே கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, பதறாதீங்க என்றார். டீச்சர் நன்றாகத்தான் இருக்கிறார், காலையில்கூடக் கோலம் போட்டார், ஆனால் கூப்பிட்டால் வருவதில்லை, அவராகக் கதவைத் திறக்கும்போது பார்த்தால்தான் உண்டு என்றார். கேஸ் சிலிண்டர்காரர் வந்து வந்து திரும்பிப் போகிறாராம்.

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் சந்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிறவரை உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் குப்பைக் கூடையோடு கதவைத் திறந்தவர், என்னைக் கண்டு திடுக்கிட்டுப் போனார்.

"எப்ப வந்த நீ?"

"இப்பத்தான் அண்ணி," என்றேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனால் டிவி அலறிக்கொண்டிருந்தது. சமையலறையில் அடி கருகிய குக்கர்கள் இரண்டு கவிழ்த்துக் கிடந்தன. விசில் எத்தனை வந்தது என்று தெரியாமல் விட்டிருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்தது. டேபிள் மேல் இருந்த போனில் நான் அழைத்த அழைப்புகள் எல்லாம் சிவப்பாக வரிசையாக நின்றன. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"போன் ரிப்பேரா கீது," என்றார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, "பெல்லும் ரிப்பேரு. அடிக்கவே மாட்டேங்குது," என்றார்.

பெல் நன்றாக அடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், யார் எதிரிலும் குனிந்து நிற்காதவர். காது போய்விட்டது என்று என்னிடம் சொல்வதைவிடப் பெல்லைக் குற்றம் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவருக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, "நான் சரி பண்ணித் தரேன் அண்ணி. நான் இப்பல்லாம் ரிப்பேர் வேலை பாக்குறேன்," என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். விரல் நுனியில் காயம் இன்னும் கறுப்பாக இருந்தது.

கடலூருக்கு வந்து அந்த வேலையில் இறங்கினேன். முதலில் சுலபமான வழியைத்தான் யோசித்தேன். பெல்லுக்குப் போகிற வயரிலேயே கூடத்தில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று சிவப்பு பல்புகளை இணைத்துவிட்டால் பெல் அழுத்தும்போது பல்பும் எரியும். அடுத்த வாரமே போய் மாட்டிக் கொடுத்தேன். அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புது பெல் என்றுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். நான் திருப்தியோடு வந்தேன்.

அதற்கு அடுத்த முறை போனபோது மறுபடி வாசலில்தான் நின்றேன். உள்ளே பல்பு எரியத்தான் செய்திருக்கும். அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார், முதுகு பல்பின் பக்கம். பட்டப்பகலில், முதுகுக்குப் பின்னால் சின்ன பல்பு எரிந்தால் யாருக்குத் தெரியும்? நானும்தான் எவ்வளவு நேரம் பெல்லை அழுத்திக்கொண்டே நிற்பேன்? கையை எடுத்தால் பல்பு அணைந்துவிடுகிறது. எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுக் காபி கொண்டுவந்து கொடுத்தார். அன்று உள்ளே போன பிறகு, பல்பு எரியவில்லையா என்று நான் கேட்கவில்லை. "நீ போட்டது சரியா எரியல போல," என்று அவரே ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மனசு கசந்துபோயிருந்தது. எதையும் பார்க்காமலேயே அவருக்குத் தெரிய வேண்டும். சத்தமும் கூடாது, வெளிச்சமும் போதாது. வேறு என்ன இருக்கிறது? பல நாள் இதே யோசனையில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், கணவர் போன பிறகு என் தலைக்குள் இன்னொருவரைப் பற்றிய யோசனை அப்படி நிறைந்திருந்தது அப்போதுதான்.

வழி ஒரு மத்தியானம் தானாகக் கிடைத்தது. கூடத்தில் தலை குனிந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கரன்ட் போனது. அது பகல், விளக்கு எதுவும் எரியவில்லை. எந்தச் சத்தமும் வரவில்லை. ஆனாலும் நான் சட்டென்று தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். ஃபேன் நிற்கப் போகிறது என்பது முதலில் உடம்புக்குத்தான் தெரிகிறது. காற்று குறைந்ததும் கழுத்து தானாக நிமிர்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த யாருக்கும் அப்படித்தான். அண்ணியோ மார்கழியில்கூட ஃபேன் இல்லாமல் உட்காராதவர்.

ரிலே எனக்குப் புதிது இல்லை. பழைய எக்ஸ்சேஞ்சில் எங்கள் அறைக்கு அடுத்த அறை முழுக்க ரிலேக்கள் டக் டக் என்று ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கரன்ட் வந்தால் இன்னொரு பக்கத்தை மாற்றிவிடுகிற வேலைதான் அதற்கு. திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரரிடம் டைமர் வைத்த ரிலே கேட்டேன். எதற்கு என்று விவரம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. கையில் இல்லை என்று பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். பெல்லை ஒரு தட்டு தட்டினால் போதும். ஃபேனுக்குப் போகிற கரன்ட்டை ரிலே நிறுத்திவிடும், அதே நேரத்தில் கூடத்தின் சிவப்பு பல்பைப் போடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே பழையபடி ஃபேன் சுற்றும். ஃபேன் நின்று சிவப்பு எரிந்தால் வாசலில் ஆள். ஃபேன் நின்று சிவப்பும் எரியவில்லை என்றால் நிஜமாகவே கரன்ட் இல்லை. படுக்கை அறைக்கும் அதே ஏற்பாடு. சமையலறையில் ஃபேன் கிடையாது, அங்கே டியூப் லைட்டை அணைக்கிற மாதிரி செய்தேன்.

முதலில் என் வீட்டுக் கூடத்து ஃபேனிலேயே மாட்டிப் பார்த்தேன். நானே வெளியே போய் பெல்லை அழுத்திவிட்டு, நானே உள்ளே ஓடி வந்து ஃபேன் நிற்பதைப் பார்த்தேன். எத்தனை தடவை அப்படி ஓடினேனோ. என் வீட்டு பெல்லை வேறு யாரும் அழுத்தி அதற்குள் பல மாதம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

சிதம்பரத்தில் மாட்ட ஒரு பகல் முழுக்க ஆனது. மெயினை அணைத்ததோடு விடாமல், ஒவ்வொரு வயரையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டேன். அண்ணி மறுபடியும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ரசம் வைத்துச் சோறு போட்டார். வேலை முடிந்ததும் அவரைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தேன். டிவியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லாமல், செருப்பு வாங்கப் போகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டு வெளியே போனேன். கீழ வீதி வரைக்கும் சும்மா நடந்துவிட்டு வந்தேன். பெல்லை ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றேன்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது.

"கரன்ட் போச்சுன்னு மேல பாத்தேன்," என்றார் அண்ணி. "செவப்பு எரிஞ்சுது. டிவியும் ஓடிக்கிட்டுதான் இருந்துது. அப்ப நீதான்னு தெரிஞ்சுட்டுது."

நான் தலையை ஆட்டினேன். அவர் வழி விடாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குக் காது கேக்கலம்மா," என்றார். "ரொம்ப நாளாச்சு. அவன் செத்தப்ப நீ போன்ல சொன்னது கூட எனக்குப் பாதிதான் கேட்டுது. என்னா சொல்றன்னு கேட்டுக் கேட்டு உன்ன ரெண்டு வாட்டி சொல்ல வச்சேன்."

அது எனக்கு நினைவிருந்தது. அந்தக் காலையில் அந்த வாக்கியத்தை இரண்டாவது தடவை சொன்னதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நம்ப முடியாமல் கேட்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்கப் போவதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பு எப்போதாவது பிடித்திருக்கிறேனா என்று தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சுலபமாகப் பழகினோம் என்று சொல்ல முடியாது. காது மிஷின் வாங்கினார். எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து தலைக்குள் இரைகிறது என்று டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். நான் போனில் செய்தி அனுப்புவேன். அவர் திருத்தமாகப் பதில் அனுப்புவார், முற்றுப்புள்ளி உட்பட. "சாப்பிட்டேன். மழை இல்லை." "சிலிண்டர் வந்தது. ஃபேன் நின்றது. திறந்தேன்." அவ்வளவுதான் இருக்கும். ஆனால் தினமும் வரும்.

போன ஐப்பசி மழையில் அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. செய்தி வரவில்லை என்று நான் எதிர்வீட்டு அம்மாளுக்குப் போன் செய்தேன். அவர் போய் பெல்லை அழுத்த, ஃபேன் நின்று, அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து திறந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். நான் போய்க் கையோடு செம்மண்டலத்துக்கு அழைத்து வந்தேன்.

தீபாவளி கழிகிற வரைக்கும் என்னோடு இருந்தார். காது கேட்காதவர்கள் இருக்கிற வீடு அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்க்க வேண்டும். பாத்திரம் வைத்தால் டமால், கதவு சாத்தினால் படார். பேசினால் தெருவுக்கே கேட்கும். காலையில் நான் எழுவதற்கு முன் சமையலறையில் உருட்டிக்கொண்டிருப்பார். படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த வீட்டில் நான் போடாத சத்தம் ஒன்றைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. சாயங்காலம் நான் வேட்டியை விரித்து எதையாவது பிரித்தால் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வார். திருகாணிகளை அளவு பார்த்து ஒரு தட்டில் வரிசையாக வைப்பார். ஒன்று குறைந்தால் விட மாட்டார், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடுவார்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, என் போனில் பெரிய எழுத்தாகத் தட்டி அவரிடம் நீட்டினேன். இங்கேயே இருந்துவிடுங்கள் அண்ணி என்று எழுதியிருந்தேன். இதை எழுத எனக்குச் சில நாட்கள் ஆயிற்று. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பரீட்சைத் தாளைப் படிப்பது போல மறுபடியும் படித்தார்.

"அங்க ஆளு வந்தா யாரு தொறக்கறது?" என்றார்.

யாரும் வருவதில்லையே என்று எழுதத் தொடங்கினேன். அவர் போனை மெல்ல என் மடியில் வைத்துவிட்டார்.

"அது எங்கப்பா ஊடு. நான் அங்க இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியும். பெல்லும் நீதான் போட்டுக் குடுத்துட்ட. இப்ப எனக்கு ஒரு பயமும் இல்ல," என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "நீ வந்து பாத்துட்டுப் போ. அடிச்சா தொறக்கறேன்," என்றார்.

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அவர் தனியாக இருக்க முடிய வேண்டும் என்றுதான் நான் அத்தனை வேலையும் செய்தேன். அது சரியாக வேலை செய்தது. அதனால் அவர் போகிறார். நான் மிக்ஸி ஜாரின் அடியைத் திருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால் என் முகத்தைப் படித்துவிடுவார், இப்போதெல்லாம் அவர் முகத்தைத்தானே படிக்கிறார்.

மழை விட்ட ஒரு காலையில் கொண்டுபோய் விட்டேன். பரவனாற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்தேன். வழி நெடுக ஏதேதோ உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை. வீட்டைத் திறந்து, கூட்டி, ஃபேனைப் போட்டு, ரிலே தட்டுகிறதா என்று பெல்லை அழுத்திப் பார்த்தேன். பல்புக்கு மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இருட்டுவதற்கு முன் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். இன்னும் கொஞ்சம் இருந்தால் கிளம்ப முடியாது என்பதுதான் காரணம்.

செம்மண்டலம் வந்து கதவைத் திறந்தபோது வீடு அப்படி ஒரு அமைதியாக இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்த சத்தம் கூடம் வரை போனது. டிவியைப் போட்டேன், அணைத்தேன். காலையில் கிளம்புவதற்கு முன் அண்ணி எனக்காக வத்தக்குழம்பு வைத்து மூடியிருந்தார். காரம் ஜாஸ்தி. அவர் கை அப்படித்தான். சோறு மட்டும் வடித்து, அடுப்பு மேடைப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டேன். போனில் செய்தி வந்து விழுந்தது. "நீ போய்ச் சேர்ந்தாயா. இங்கே யாரும் வரவில்லை." சேர்ந்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினேன். வேறு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று அனுப்பினேன்.